அத்தான் குலுக்கித் தந்த ரின்

கப்பல் ஒரு துறையைத் தொடுவதற்கு முதல்நாள் மாலை, பயணிகளின் அறைக் கதவுகளுக்குக் கீழால் ஒரு தாளைத் தள்ளிவிடுவார்கள். நாளைக்கு இறங்கப்போகும் ஊரில் எட்டு மணி நேரத்துக்குள் என்னென்ன செய்யலாம் என்று அதில் இலக்கமிட்டு அச்சடித்திருக்கும். கரீபியன் தீவுகளைச் சுற்றி எங்கள் கப்பல் ஓடிய காலம் முழுவதும் அந்தத் தாள்களை நான் சேர்த்து வைத்தேன். பார்படோஸ் தீவில் செய்ய வேண்டியவை பதினொன்று. கண்ணாடி அடி வைத்த படகில் போய் மீன் பார்ப்பது, ரம் காய்ச்சுகிற இடத்தைப் பார்ப்பது, வெள்ளை மணலில் படுத்துக் கிடப்பது என்று போகும்.

நான் கப்பல் குசினியில் சட்டி கழுவுகிறவன். மத்தியானச் சட்டிகள் முடிந்து இரவுச் சட்டிகள் வருவதற்குள் எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். பதினொன்றில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. துறைமுக வாசலில் ஒரு மனுசி பறக்கும் மீனைப் பொரித்துப் பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்து விற்பாள். நின்றபடியே அதைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அடுத்த பருவத்துக்கு அந்தக் கப்பலை அவுஸ்திரேலியாப் பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, தாளில் இல்லாத ஒரு காரியம் அங்கே எனக்கு இருந்தது.

என் அக்கா பூமணியின் புருசன் தியாகராசா அத்தானும் கப்பலில் வேலை செய்தவர்தான். சரக்குக் கப்பல். சிட்னியில் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. கப்பல் கொம்பனி ஊருக்கு ஒரு கடிதம் போட்டது, அவ்வளவுதான். அதன்பிறகு பதினாலு மாதமாக அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. செத்துப்போனார் என்று சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரியோடு இருக்கிறார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடமிருந்து ஒரு சேதி வரும்வரை மீன் தொடமாட்டேன் என்று ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். நாலு பக்கமும் கடல் உள்ள காரைநகரில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் இருப்பது லேசான நேர்த்தி இல்லை.

பொறுக்க முடியாமல், ஜப்பானில் அத்தானைக் கண்ட ஒருவனை நான் கண்டேன் என்று பார்படோஸிலிருந்து ஒரு பொய்க் கடிதம் போட்டிருந்தேன். விடுப்பில் ஊருக்குப் போனபோது அக்கா அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விசாரித்தாள். கண்டவனுடைய பெயர் என்ன, எந்தக் கப்பல், எந்த மாதம். மூன்றாவது கேள்வியில் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

நான் புறப்படுகிற அன்று அவள் சொன்னது இதுதான்: "அவர் உயிரோடை இருக்கிறாரோ, என்னை நினைக்கிறாரோ, அது தெரிஞ்சாக் காணும். ஆனா வாயால வந்து சொல்லாதை. உன்ர வாயை நான் இனி நம்பன். அவற்ற கையால தந்த ஏதும் கொண்டு வா."

என்னிடம் இருந்தது ஒரு சிகரெட் பெட்டி மட்டை. கொழும்பில் ஒரு மாலுமி தந்தது. லிட்கம் என்ற இடத்தில், தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் வீட்டில், அத்தானைப் போல ஒருவரைக் கண்டதாக அவன் சொன்னான். தெருவின் பெயரும் வீட்டு இலக்கமும் அந்த மட்டையில் இருந்தன.

சிட்னியில் இரண்டு நாள் நின்றோம். முதல்நாள் காலை, பெரிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் கப்பலைக் கட்டினார்கள். எதிர்க்கரையில் புதிதாகத் திறந்த சங்கீத மண்டபம் வெயிலில் மின்னியது. அதன் கூரையைப் பார்த்தபோது, எங்கள் சட்டி கழுவும் தொட்டிக்குள் தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. என்னோடு ஒரே அறையில் படுக்கிற லூயிஸ், கோவாக்காரன், அன்றைய என் வேலையைத் தான் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். பதிலுக்குப் பத்து நாள் அவனுடைய இரவுச் சட்டிகள் என்னுடையவை. பயணிகளுக்குப் போட்ட தாளில் ஒன்றையும் என் சட்டைப்பைக்குள் செருகிவிட்டான். "கங்காரு பார்ப்பது நாலாவது. அதை மட்டுமாவது செய்," என்றான்.

சிட்னி ரயில்கள் செம்மண் நிறம். ஓடும்போதும் கதவுகள் திறந்தே கிடக்கும். நான் ஏறிய ரயில் லிட்கம்மில் நிற்காது என்பது, பெயர்ப்பலகை யன்னலால் ஓடி மறைந்த பிறகுதான் தெரிந்தது. பரமட்டாவில் இறங்கித் திரும்பி வந்தேன். இறங்குமுன், எதிர்ச் சீட்டில் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த கிழவி, நான் பதறியதைப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாய் நீட்டினாள். "அவசரமாகப் போகிறவர்களைத்தான் இந்த ரயில் தூரமாகக் கொண்டுபோகும்," என்றாள்.

லிட்கம் தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லை. தகரமும் ஓடும் போட்ட தாழ்ந்த வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒட்ட வெட்டிய புல். எங்கள் ஊரில் ஒரு தெரு இப்படி வெறிச்சென்று கிடந்தால், எல்லோரும் செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். மட்டையில் இருந்த வீட்டு இலக்கம் என் சட்டி கழுவும் தண்ணீரில் ஊறிப் பாதி அழிந்திருந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். தலையில் பூப்போட்ட துண்டு கட்டிய ஒரு மனுசி வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தில் மூன்றாவது வீட்டைக் காட்டினாள். கிட்டப் போனபோது எனக்கும் மணத்தது. பெருங்காயம்.

கதவைத் திறந்தவர் சாமிநாதன். சென்னையில் ரயில்வேயில் இருந்துவிட்டு, இங்கும் ரயில்வேயில் எஞ்சினியராக இருக்கிறார். நான் தமிழில் வாயைத் திறந்ததும் உள்ளே திரும்பிக் கத்தினார்.

"மரகதம், இன்னொரு தட்டு வை!"

நான் யார், ஏன் வந்தேன் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

ரவையில் வார்த்த தோசையும் சாம்பாரும் தந்தார்கள். கருவேப்பிலை கிடையாது. உளுந்து கிடையாது. முருங்கைக்காய்க்குப் பதிலாக ஏதோ பச்சைத் தண்டு. மூன்று மாதம் கப்பலில் அவித்த உருளைக்கிழங்கு தின்ற நாக்குக்கு அது போதும். ஐந்து தோசை தின்றேன். பிறகு அத்தானைப் பற்றிக் கேட்டேன்.

"தியாகராசான்னு யாரும் எனக்குத் தெரியாதே தம்பி," என்றார் சாமிநாதன். "ராஜான்னு ஒருத்தர் இருந்தார். சிலோன்காரர். பின்னாடி ரூம்ல ஏழெட்டு மாசம் தங்கினார். யார்கிட்டயும் ஊரைச் சொல்ல மாட்டார், பேரைச் சொல்ல மாட்டார். போலீஸ் சைரன் கேட்டா எலி வளைல நுழையற மாதிரி பாத்ரூம்ல நுழைஞ்சுடுவார்."

"எப்பிடி இருப்பார்?"

"எல்லாரையும் மாதிரிதான். கறுப்பா, ஒல்லியா."

அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நானும் அப்படித்தான் இருக்கிறேன். அப்போது அவர் மனைவி மரகதம் அம்மா சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார்.

"நல்ல மனுஷன்தாங்க. ஆனா கடைக்கு மட்டும் அனுப்பவே கூடாது. ஒரு நாள் உப்பு வாங்கிட்டு வாங்கன்னேன். குளிக்கிற தொட்டில போடற உப்பாம், அதை வாங்கிட்டு வந்துட்டார். நானும் பாக்காம சாம்பார்ல போட்டுட்டேன். ரோஜாப்பூ வாசனை! கேட்டா, 'உப்பு எண்டுதான் எழுதியிருக்கு'ன்னு என்னோட சண்டை."

என் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தேன். அத்தான்தான். எங்கள் ஊரில் அவரைச் சந்தைக்கு அனுப்புவதே ஒரு பகிடி. விளைமீன் வாங்கி வரச் சொன்னால் திருக்கை வாங்கி வருவார். மண்ணெண்ணெய் வாங்கப் போய்த் தேங்காயெண்ணெயோடு வருவார். வாங்கியது சரி என்று வீட்டு வாசலிலிருந்தே வாதாடிக்கொண்டும் வருவார்.

ஆறு மாதத்துக்கு முன் மெல்பேணுக்குப் போய்விட்டாராம். டண்டினொங் என்ற இடத்தில், உணவைத் தகர ரின்களில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. ஸ்ரேஷனுக்கு எதிரே ஒரு கிரேக்கரின் மீன் பொரிக்கிற கடை, அதன் மாடியில் அறை. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். புறப்படும்போது மரகதம் அம்மா ஒரு போத்தல் மிளகாய்ப்பொடி தந்தார், அவருக்கென்று. வெளியே கொல்லைப்புறத்தில், சுற்றுகிற கொடிக்கம்பியில் வேட்டியும் சேலையும் காற்றுக்கு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. படலையடியில் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தேன். கொடியில் உடுப்புக் காயப்போடுகிற ஒரு வீட்டில் நான் இருந்து எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் குசினியில். வட்ட யன்னலுக்குள் சிட்னி தெரிந்தது. நாலு மணிக்கு அதுவும் நகர்ந்து போய்விட்டது.

மெல்பேணில் ஒரே ஒரு பகல். காலை எட்டு மணிக்கு இறங்கலாம், மாலை நாலு மணிக்குள் ஏறிவிட வேண்டும். லூயிஸின் சட்டிகளில் இன்னும் ஐந்து நாள் கூடியது. இறங்கும்போது வெயில், ஸ்ரேஷனுக்கு நடக்கும்போது மழை, ரயில் ஏறும்போது மறுபடி வெயில். பெரிய ஸ்ரேஷன் ஒன்றின் முகப்பில் வரிசையாக மணிக்கூடுகள் தொங்கின. எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அதற்குக் கீழே ஆட்கள் யாரையோ எதிர்பார்த்து நின்றார்கள். நானும் அவர்களோடு நின்று, டண்டினொங் என்று எழுதியதை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தேன்.

இந்த முறை எதிரில் இருந்தவரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் நீலச் சட்டை போட்ட தொழிலாளி. "அங்கே என்ன இருக்கிறது, மேட்?" என்று கேட்டார். யாரைக் கண்டாலும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "நான் முப்பது வருடமாக என்னுடைய சொந்தக்காரர்களிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறேன்," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டண்டினொங் வந்ததும் என் தோளில் தட்டி இறக்கிவிட்டவரும் அவர்தான்.

அன்று அங்கே சந்தை நாள். வாளிகளில் பூ, கூண்டில் கோழி, மலைபோல முட்டைக்கோவா. இத்தாலிப் பாஷையும் இன்னும் என்னென்னவோ பாஷைகளும் காதில் விழுந்தன. மீன் பொரிக்கிற கடையைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. கிரேக்கக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றார்.

"ராஜா?" என்று கேட்டேன்.

தன் நாடியிலிருந்து நெஞ்சுவரை கையால் இழுத்துக் காட்டினார். "தாடிக்கார ராஜாவா? மேலே போ. அவனுக்கு இன்றைக்குப் பின்னேர வேலை."

தாடி என்றதும் ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். மரப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே எதுவோ உருண்டது. பிறகு சத்தமில்லை. சைரன் கதை ஞாபகம் வந்தது.

"அத்தான், நான்தான். பூமணியின்ர தம்பி."

கதவு திறந்தது. இடுப்பில் சாரம், மேலே கம்பளிச் சட்டை, நெஞ்சு மறைத்த தாடி, தோளைத் தொடும் முடி. கண் மட்டும் அத்தானுடையது. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"டேய்! கொக்கா எப்பிடி இருக்கிறா, என்ர பூமணி?"

"மீன் தின்னாமல் இருக்கிறா."

நேர்த்தியைச் சொன்னேன். பதினாலு மாதம் என்று சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவரும் நேர்த்தி வைத்திருக்கிறார். கப்பலை விட்ட முதல் மாதம், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, காய்ச்சலோடு தனியாகக் கிடந்தாராம். அப்போது அதே பிள்ளையாரிடம் சொன்னாராம். இந்த நாட்டில் இருப்பதற்குப் பேப்பர் கிடைத்து, சொந்தப் பெயரோடு வெளியில் நடக்கிற நாள்வரை முகம் வழிப்பதில்லை, வீட்டுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. ராஜா என்று கையெழுத்துப் போட்டு வேலை செய்கிறவர், அந்தப் பெயரில் அக்காவுக்கு எழுத மாட்டார். தியாகராசா என்று எழுதினால் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள் என்று பயம்.

"அவ உங்கட சேதிக்காக மீன் தின்னுறா இல்லை. நீங்கள் பேப்பருக்காகச் சேதி அனுப்பிறியள் இல்லை," என்றேன். "ரெண்டு பேரும் ஒரே பிள்ளையாரிட்டை வைச்சிருக்கிறியள். அவர் ஆரின்ர பக்கம் நிக்கிறது?"

"அவருக்கும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் குடன்ரா," என்றார் அத்தான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கதிரை, ஒரு காஸ் அடுப்பு. சுவரோடு கூரைவரை ரின்கள். ஒன்றிலும் லேபல் இல்லை. வெறும் வெள்ளித் தகரம். லேபல் ஒட்டுகிற இயந்திரம் கிழித்துவிட்டவை, கொஞ்சம் நசுங்கியவை எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம். ஒரு பக்கத்தில் பழம் அடைக்கிறார்கள், ஒரு பக்கத்தில் பயறு, சூப், இன்னொரு பக்கத்தில் மீன். எந்த ரின்னுக்குள் எது என்று திறந்தால்தான் தெரியும்.

"மற்றவங்களுக்குத்தான் தெரியாது," என்றார் அத்தான். "எனக்குக் குலுக்கினாத் தெரியும்."

ஒன்றை எடுத்துக் காதடியில் வைத்துக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். வைத்தியர் நாடி பார்ப்பது போல இருந்தது.

"மீன்."

திறந்தார். சிவப்புக் குழம்பில் வெள்ளைப் பயறு. "இதையும் மீனோடை போட்டுச் சமைக்கலாம்," என்று சொல்லிவிட்டு இன்னொன்றைக் குலுக்கினார். அது உண்மையாகவே மீன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வெங்காயத்தை வதக்கி, மரகதம் அம்மாவின் மிளகாய்ப்பொடியைப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஒரு கறி வைத்தார். முள்ளும் மெதுவாகிப்போன மீன். பாணைக் கிழித்துத் தொட்டுத் தின்றோம். என் நெற்றி வியர்த்தது. மேலே நாங்கள் மீன் தின்ன, கீழே கிரேக்கரின் கடையிலும் மீன் பொரிகிற மணம். அத்தான் பாதியில் கையை நிறுத்திவிட்டார்.

"இதை அவளுக்குச் சொல்லாதை," என்றார். "நான் இஞ்சை மீன் திண்டனான் எண்டு."

பிறகு மற்றக் கட்டிலைக் காட்டினார். அதில் படுத்த யூகோஸ்லாவியாக்காரன் கலியாணம் கட்டிப் போய்விட்டானாம். "நீ ஏன் போறாய்? நில்லன். போர்மனிட்டைச் சொல்லி நாளைக்கே வேலை எடுக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா ரெண்டு பேருக்கும் பேப்பர் வரும்."

பாத்திரம் கழுவிவிட்டு வருகிறேன், நீ படுத்துப் பார் என்றார். படுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடமாக நான் படுக்கிற படுக்கையெல்லாம் அசையும். இது அசையவில்லை. யன்னலால் சந்தைச் சத்தம் வந்தது. ஒரு கிழவன் முட்டைக்கோவா, முட்டைக்கோவா என்று ஒரே சீராகக் கூவிக்கொண்டிருந்தான். அடுத்த சந்தைக்கும் அவன் கூவுவான், அப்போதும் இந்தக் கட்டில் இதே இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன். என்னுடைய அசையாத இடம் இதுவாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பட்டது. எழும்ப மனம் வரவில்லை. அப்படிக் கிடந்தபடியே அக்காவை நினைத்தேன். மடியில் கடிதத்தை வைத்துக்கொண்டு விசாரிக்கிற அக்கா. நானும் இங்கே நின்றுவிட்டால், இரண்டு பேரையும் சிட்னிப் பக்கம் கடல் விழுங்கிவிட்டது என்றுதான் அவள் இருப்பாள்.

எழும்பும்போது மணி ஒன்றரை.

"நான் போனாத்தானே அக்காவுக்குத் தெரியும்," என்றேன். "ஆனா என்ர வாயை அவ நம்பமாட்டா. உங்கட கையால ஏதும் வேணும். மோதிரத்தைத் தாங்கோ."

"வித்துப்போட்டன்."

"ஒரு படம் பிடிப்பம். ஸ்ரேஷனில காசு போட்டாப் படம் வாற பெட்டி நிக்குது."

"இந்தத் தாடியோடை படத்தைக் கண்டால் அவள் நான் செத்து ஆவியா வந்திட்டன் எண்டு நினைப்பள்."

"ஒரு வரி எழுதுங்கோ. பேர் போட வேண்டாம்."

"பேர் போடேலாதெண்டால் அது என்ன கடிதம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீயும் எழுதாதை. என்ர பேர் ஒரு கடுதாசியிலயும் வரப்படாது. வாயால சொல்லு."

அறையைச் சுற்றிப் பார்த்தார். தருவதற்கு அங்கே வேறு ஒன்றும் இல்லை. ரின் அடுக்குக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றை எடுத்துக் குலுக்கி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நாலாவதோ ஐந்தாவதோ ரின்னை வெகு நேரம் காதில் வைத்திருந்தார். பிறகு அதைச் சாரத்தில் துடைத்து என் கையில் தந்தார்.

"மீன். நல்ல மீன். கொக்காட்டைக் குடு. நேர்த்தி முடிஞ்சுது, மீன் தின்னட்டாம் எண்டு நான் சொன்னனான் எண்டு சொல்லு."

"இதில ஒரு எழுத்தும் இல்லையே அத்தான்."

"திறந்தாத் தெரியும்."

ஸ்ரேஷன்வரை வந்தார். ரயில் புறப்படும்போது கை காட்டவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கக்கத்தில் வைத்தபடி, வேலைக்குப் போகிற மற்றவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். தாடி வைத்திருந்ததால் கொஞ்ச தூரம்வரை ஆளைத் தெரிந்தது.

பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கடவையில் லொறி ஒன்று குறுக்கே நின்று அசைய மறுத்ததாம். எங்கள் ஊர் ரயில் இப்படி நின்றால் பாதிப் பேர் இறங்கித் தண்டவாளத்தில் நடப்பார்கள், மீதிப் பேர் சாரதிக்குப் புத்தி சொல்வார்கள். இங்கே எல்லோரும் பத்திரிகையை விரித்தார்கள். நான் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு, கப்பல் போய்விட்டால் அந்தக் கட்டில் இருக்கிறது என்று நினைத்தேன். லொறி நகரவே கூடாது என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் அது நகர்ந்துவிட்டது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கப்பல் படியடிக்கு ஓடி வந்து சேர்ந்தேன். காவலில் நின்றவன் ரின்னை வாங்கிப் பார்த்தான்.

"என்ன இது?"

"மீன்."

"கப்பலுக்குள் நாலு தொன் மீன் கிடக்கிறது. நீ மெல்பேணில் இறங்கி ஒரு ரின் மீன் வாங்கி வந்தாயா?" பக்கத்தில் நின்றவனுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தான்.

கங்காரு பார்த்தாயா என்று லூயிஸ் கேட்டான். ஒரு கட்டில் பார்த்தேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அன்றிரவே அவனுடைய சட்டிகள் என் தொட்டிக்கு வந்தன.

அந்த ரின் என் தலையணைக்கடியில் ஐந்து மாதம் ஓடியது. சிங்கப்பூரில் ஒப்பந்தம் முடிந்து நான் ஊருக்குப் புறப்பட்டபோது கொழும்பில் சுங்க அதிகாரி அதைக் கையில் எடுத்தார். ஊரில் பாணுக்கே வரிசையில் நிற்கிற காலம் அது. ரின்மீன் கடையில் கண்ணிலும் படாது. லேபல் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். காதடியில் வைத்துக் குலுக்கினார். "மீன்தான்," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

காரைநகரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். ரின்னைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாடி, நேர்த்தி, தொழிற்சாலை, பேப்பர். ரின்னை அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் இல்லை.

"கப்பல் குசினியில எடுத்தனீ," என்றாள்.

"இல்லையக்கா. அத்தான் தந்தவர். மீன் தின்னட்டாம் எண்டவர்."

"ஜப்பானில கண்டவனும் இப்பிடித்தான் கண்டவன்."

குளிக்கிற உப்பைச் சாம்பாரில் போட்ட கதையையும் சொன்னேன். "அதை உன்னைவிட ஆர் நல்லாக் கட்டுவினம்?" என்று கேட்டாள். ரின்னைக் குசினி மேசையில் வைத்தாள். இரண்டு நாள் அது அங்கேயே நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் கத்தரிக்காயும் பருப்பும்தான்.

மூன்றாம் நாள் காலை என்ன நினைத்தாளோ தெரியாது. அடுப்பில் சட்டியை வைத்து எண்ணெய் விட்டாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டாள். கத்தியை ரின்னின் விளிம்பில் வைத்து, உலக்கைப் பூணால் தட்டித் தட்டித் திறந்தாள். பாதி திறந்ததும் மூடியை விரலால் நெம்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

நானும் போய் எட்டிப் பார்த்தேன். தங்க நிறப் பாகில், இரண்டாக வெட்டின பீச் பழங்கள் மிதந்தன.

அக்கா விரலை விட்டுப் பாகைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மீன் எண்டோ சொல்லித் தந்தவர்?"

"ஓம்."

"என்னெண்டு தெரியுமாம், மீன் எண்டு?"

"காதில வைச்சுக் குலுக்கிப் பாத்தவர். நல்ல மீன் எண்டவர்."

"குலுக்கிப் பாத்தவரோ…"

அவள் முகம் முதலில் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பு. பதினாலு மாதமும் அதற்குப் பிறகு ஐந்து மாதமும் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "அவர்தான்," என்றாள். மூச்சு வாங்கியது. "அவர்தானடா. அவரேதான்." அடுப்பில் வெங்காயம் கருகுகிற மணம் வந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

அன்று பழத்தைத்தான் தின்றோம். பாகை அக்கா ஒரு துளி விடாமல் குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கத் துறைக்குப் புறப்பட்டாள். நான் போய் வாங்கி வருகிறேன், நீ இரு என்று கூடையைக் கேட்டேன். அக்கா தரவில்லை.

"நீ சும்மா இரு," என்றாள். "உங்கட ஆக்களை நம்பி நான் இனி மீன் வாங்கன்."